மண்டோர் ஏரி பார்க்கப் போன கதை

கட்டளையிடுவதற்கென்றே இவ்வுலகில் பிறந்து, கீழ்ப்படிவதற்கு ஓர் ஆள்கூடக் கிடைக்காமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தாம். புக்கிட் ரோத்தானில் அவரை எல்லாரும் மண்டோர் என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் ஒன்றும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதை அவருடைய அடையாள அட்டை மட்டுமே அறியும்.

அவர் ஒரு நாளும் மண்டோராக வேலை பார்த்ததில்லை என்பதை வாசகர் முதலிலேயே அறிந்துகொள்வது நலம். தோட்டத்தில் தொழிலாளரை மேற்பார்க்கும் அப்பதவி அவருக்கு வாய்க்கவேயில்லை. பணிக்காலம் முழுவதையும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் உரக் கிடங்கில் தனியே கழித்தார். அங்கே அவருக்குக் கீழே இருந்தவை உரமூட்டைகள் மட்டுமே. அவற்றை வரிசையாக நிறுத்தி, காலையில் ஒருமுறை சுற்றிப் பார்வையிட்டு, சாய்ந்து நிற்கும் மூட்டையைக் கடிந்துகொள்வார் என்று, அக்கிடங்குக்கு லோரி ஓட்டி வந்த மாணிக்கம் சொல்வதுண்டு.

"கண்ணால பாத்தேன் சார். ஒரு மூட்டையப் பாத்து, ஒனக்கு முதுகெலும்பே இல்லையான்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. அது பதில் சொல்லும்னு கொஞ்ச நேரம் நின்னு வேற பாத்தாரு."

பணி ஓய்வுக்குப் பிறகு எங்களை ஒரே மருத்துவர் ஒரே வாரத்தில் அச்சுறுத்தினார். மாணிக்கத்திற்கு இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவு. தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்குக் குருதி அழுத்தம். மண்டோருக்கு ஒரு நோயும் இல்லை. எங்களுக்கு மட்டும் இருப்பதைப் பொறுக்கமாட்டாமல் அவரும் உடன் வந்திருந்தார். மூவரும் மிதிவண்டி ஓட்டுவதென்று முடிவாயிற்று. மிதிவண்டிக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் அப்போது மலைமிதிவண்டிகள் மட்டுமே இருந்தன. தடித்த சக்கரங்கள், அதிர்ச்சி தாங்கும் முன்கால்கள், கணக்கற்ற பல்லிணைகள் என யாவும் செங்குத்தான மலைகளில் ஏறுவதற்கென்றே செய்யப்பட்டவை. எங்கள் வட்டாரத்திலோ மலை என்பது ஊர்ப் பெயர்களில்தான் உண்டு. புக்கிட் ரோத்தான் என்றால் பிரம்புக் குன்று. குன்றையும் காணோம், பிரம்பையும் காணோம். தேநீர்க் குவளை ஒன்றை வாசலில் வைத்துவிட்டுக் கடற்கரை வரை நடந்தால், அதனினும் உயர்ந்த நிலம் ஒன்று கண்ணில் படாது.

மிதிவண்டி வந்த மறுநாளே மண்டோர் ஓர் ஊதல் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எங்கள் சுதந்திரம் அத்துடன் முடிவுற்றது.

தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரை ஓரிடத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். மண்டோர் எங்கள் இருவருக்கும் பெரட்டு வைத்தார். ஞாயிறுதோறும் விடியற்காலையில் அவர் வீட்டு வாசலில் நானும் மாணிக்கமும் மிதிவண்டியைப் பிடித்தபடி நிற்க வேண்டும். எங்களுக்கு ஒரு முழத் தொலைவில் நின்றுகொண்டு, திடலின் மறுகோடியில் இருப்போரை அழைக்கும் குரலில் அவர் பெயர் கூப்பிடுவார். எங்கள் பெயர்கள் முடிந்ததும் "மண்டோர்" என்று தம்மையும் தாமே அழைப்பார். ஓரடி முன்னே வந்து "வந்துருக்கேன்" என்பார். பின்னர் ஓரடி பின்னே சென்று, வந்தவரை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் தலையசைப்பார்.

ஒருமுறை நான் தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டிருந்தமையால் மறுமொழி சொல்லச் சற்றுத் தாமதமாயிற்று.

"சார் வரல," என்றார் மண்டோர்.

"இங்கேதானே நிற்கிறேன்."

"கூப்புட்டப்ப வரல. இப்ப நிக்கிறது கணக்குல சேராது. இன்னிக்கு ஒங்களுக்கு அரை நாள்தான் சார்."

அன்று நான் முழுத் தொலைவையும் மிதித்தேன். எனினும் அரை நாள் அரை நாளே; தோட்டக் கணக்கில் அதற்கு அரைக் கூலிதான். பசியாற உட்கார்ந்தபோது என் ரொட்டி சானாயில் பாதியைப் பிய்த்து அவரே உண்டுவிட்டார். மாணிக்கம் அதைக் கண்டு, தம் தட்டைக் கையால் அணைத்துக்கொண்டு உண்டார்.

புறப்பட்ட பின் ஒவ்வொருவருக்கும் நிரை உண்டு. தோட்டத்தில் ஒரு தொழிலாளிக்கு ஒதுக்கப்படும் மரவரிசையை நிரை என்பர். அதைப் பேச்சில் 'நெர' ஆக்கி, மண்டோர் சாலையிலும் எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். என் நிரை வெள்ளைக் கோட்டின் மேல். மாணிக்கத்தினுடையது அதற்கு ஒரு சாண் உள்ளே. மண்டோர் முன்னால் போவார். நாங்கள் நிரை பிசகாமல் வருகிறோமா என்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார். முன்னால் செல்பவர் பின்னால் பார்த்துச் சென்றால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முதல் முறை தஞ்சோங் காராங் பக்கத்து வயல் வாய்க்காலில் விழுந்தார். நீரிலிருந்து தலையைத் தூக்கியதும், "நெர மாறாதீங்க" என்றார். இரண்டாம் முறை இரவுச் சந்தைக்கு அருகே லோங்காங் என்னும் சாலையோரச் சாக்கடையில் இறங்கினார். மூன்றாம் முறை பனிக்கூழ் விற்பவரின் வண்டியில் மோதி, நொறுங்கிய கூம்பு பிஸ்கோத்துகளின் நடுவே கண்டெடுக்கப்பட்டார்.

மூன்றாம் வீழ்ச்சியின் செய்தி ராவாங்கை எட்டியது. மண்டோரின் ஒரே மகள் கவிதா அங்கே ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்து, அடுக்ககத்தின் பதினோராம் மாடியில் குடியிருப்பவள். என் பழைய மாணவி. மனைவி மறைந்தபின் தனியே இருக்கும் தந்தையைத் தன்னோடு அழைத்துக்கொள்ள அவள் பல காலமாக முயன்று வந்தாள். அன்று மாலையே வந்து, எங்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, ஒங்களுக்குக் கண்ணு முன்னால இருக்கா, பின்னால இருக்கா?"

"ஆளுங்க ஒழுங்கா வர்றாங்களான்னு பாக்கணும்லமா."

"எந்த ஆளுங்க? சாரும் மாணிக்கம் மாமாவும்தானே. அவங்க எங்க ஓடிப் போயிரப் போறாங்க?"

"சரியாச் சொன்னமா," என்றார் மாணிக்கம். "ஓடுற காலா இது?"

"கடைசியாச் சொல்றேன்பா. இன்னொரு தடவ விழுந்தீங்க, அன்னிக்கே சைக்கிள வித்துருவேன். வீட்டப் பூட்டிட்டு என்கூட ராவாங்குக்கு வந்துரணும். சரியா?"

மண்டோர் அவள் உள்ளங்கையில் அடித்து உறுதி கொடுத்தார். அவள் சென்ற பின் நெடுநேரம் மிதிவண்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பதினோராம் மாடி சார்," என்றார் இறுதியில். "அங்க நின்னு யாரக் கூப்புடுறது? காக்காயத்தான் கூப்புடணும்."

திரும்பிப் பார்ப்பதை அன்றோடு விட்டார். அதற்கு ஈடாக மாணிக்கத்தின் பழைய லோரியிலிருந்து கழற்றிய பக்கக் கண்ணாடியை மிதிவண்டியில் பொருத்திக்கொண்டார். குடும்பமே முகம் பார்த்துத் தலைவாரலாம், அவ்வளவு பெரிய கண்ணாடி. காற்று எதிரே வீசினால் மிதிவண்டி கண்ணாடியின் பக்கமாகவே திரும்பும்.

இவ்வளவில் அடங்கியிருந்தால் அவர் மண்டோர் அல்லர். அடுத்த பெரட்டிலேயே புதிய வேலையை அறிவித்தார். கோல குபு பாருவுக்கு மேலே, மலைகளுக்கு நடுவே, அணை கட்டித் தேக்கிய ஏரி ஒன்று உண்டு. அங்கே மூவரும் மிதிவண்டியில் ஏறிச் செல்ல வேண்டும்.

"எதுக்கு மண்டோரே?" என்று மாணிக்கம் அஞ்சிக் கேட்டார்.

"நம்ம ஊரு ஆத்துத் தண்ணி அங்கேருந்துதான்யா வருது. பொறந்ததுலேருந்து கீழ நின்னே பாத்துட்டோம். ஒரு தடவ மேல போயி, எங்கேருந்து அனுப்புறாங்கன்னு பாத்துரணும்லா."

ஆறு என்பது ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவர் கையொப்பமிட்டு அனுப்பும் பொருள் என்றே அவர் கருதியிருந்தார் போலும்.

மலையேறப் பழக வேண்டுமே. மலைக்கு எங்கே போவது? பாசிர் பெனம்பாங் மீனவச் சிற்றூருக்கு ஆற்றைக் கடந்து செல்லும் பாலம் சற்றே உயர்ந்து தாழ்வது. அதன்மேல் எங்களை ஏற்றினார், இறக்கினார், திருப்பி ஏற்றினார். பாலத்தின் மேல் மூன்று முதியவர்கள் விடாமல் போவதும் வருவதும் கண்டு, கீழே படகிலிருந்தோர் யாரோ நீரில் விழுந்துவிட்டதாக எண்ணித் தேடத் தொடங்கினர். மோட்டார் சைக்கிளில் வந்த இளங்காவலர் ஒருவர் நின்றார்.

"என்ன அங்கிள், ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களா?"

"இல்ல தம்பி. மலை ஏறிப் பழகுறோம்."

"இது பாலம்லா அங்கிள்."

"மலை இல்லாத ஊர்ல பாலம்தான் மலை. நீ போயி ஒன் வேலையப் பாரு."

காவலர் சிறிது நேரம் மாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தார். மாணிக்கம் கண்களாலேயே காப்பாற்றும்படி வேண்டினார். காவலர் போய்விட்டார்.

அடுத்து, பக்கத்து ஊரான கோல சிலாங்கூரின் ஒரே மேடான புக்கிட் மெலாவாத்தி. அங்கே வெள்ளி நிறக் குரங்குகள் மிகுதி. முதிய குரங்கு ஒன்று மண்டோரின் கண்ணாடிக்கு முன் அமர்ந்து தன் அழகில் ஈடுபட்டுவிட்டது. "எறங்கு," என்றார். இறங்கியது. "ஓரமாப் போ," என்றார். ஓரமாகப் போயிற்று. மண்டோர் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா மாணிக்கம்? சொன்னாக் கேக்குது."

"அதுக்கு மூட்டுவலி இல்ல மண்டோரே," என்றார் மாணிக்கம்.

குறித்த நாள் வந்தது. மாணிக்கத்தின் மருமகனுடைய சிறு லோரியில் மிதிவண்டிகளை ஏற்றிக் கோல குபு பாரு வரை சென்று, அங்கிருந்து மலையேறுவதென்பது திட்டம். ஏற்றுமுன் மண்டோர் ஒரு தாம்பாளத்துடன் வாசலுக்கு வந்தார். கற்பூரம், மஞ்சள், எலுமிச்சம்பழங்கள்.

வாகனத்தின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிப் புறப்படுவது நம் வழக்கம். லோரிக்கும் மகிழுந்துக்கும் வைக்கிறோம். பழம் நசுங்கினால் கண்ணேறு கழியும். நசுங்காமல் தப்பினால் தீய அறிகுறி. மிதிவண்டிக்கு எவரும் வைத்து நான் கண்டதில்லை. அதன் காரணத்தை அன்று அறிந்துகொண்டேன்.

"யோவ், லோரி எத்தன டன்னு, சைக்கிள் எத்தன கிலோ?" என்றார் வாழ்நாளெல்லாம் லோரி ஓட்டிய மாணிக்கம். "சின்ன எலுமிச்சையா வைய்யி. சாம்பால் துவையலுக்குப் புழியிறது இருக்குல்ல, அதப் போடு."

"சாமிகிட்டயே கஞ்சத்தனமா?" என்று மண்டோர் கடிந்துகொண்டு, சந்தையில் கிடைத்தவற்றிலேயே பெரிய பழங்களை வைத்தார்.

முதலில் நான். என் சக்கரம் பழத்தைத் தொட்டதும் பழம் உருண்டு ஓடியது. நான் பின்தொடர்ந்தேன். லோங்காங் வரை என்னை அழைத்துச் சென்றுவிட்டு அது உள்ளே குதித்தது. இரண்டாம் பழத்தை மாணிக்கம் தம் காலணியால் பிடித்துக்கொள்ள, ஒருவாறு நசுக்கினேன். அடுத்து மாணிக்கம். அவர் எடைக்குப் பழம் எதிர்ப்பே காட்டவில்லை; சாறு மட்டும் பீறிட்டு வந்து என் மூக்குக் கண்ணாடியை நனைத்தது.

இறுதியாக மண்டோர். அவர் மெலிந்த உடலினர். சக்கரம் பழத்தின் மேல் ஏறிற்று, அதிர்ச்சி தாங்கும் முன்கால் பணிவுடன் அமுங்கிற்று, மறுபுறம் இறங்கிற்று. பழம் முழுமையாகக் கிடந்தது. மறுபடியும் ஏறினார். பழம் முன்னினும் பொலிவாக இருந்தது. மண்டோரின் முகம் இறுகியது. தெருக்கோடி வரை பின்வாங்கினார். ஊதலை ஒருமுறை ஊதினார். மிதித்துக்கொண்டு விரைந்து வந்தார். முன்சக்கரம் பழத்தின் மேல் ஏறி, ஒரு கணம் தயங்கி, பக்கவாட்டில் வழுக்கியது. லோரிக் கண்ணாடி ஒருபுறம் இழுக்க, மண்டோர் மறுபுறம் போக, இருவரும் துளசித் தொட்டியடியில் சந்தித்தனர்.

நாங்கள் மூவரும் பழத்தைப் பார்த்தோம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மண்டோரின் முழங்கை நன்றாகச் சிராய்த்திருந்தது. கவிதாவுக்குக் கொடுத்த உறுதி எங்கள் மூவர் நடுவிலும் ஓர் ஆளைப்போல் வந்து நின்றது.

"விழுந்துட்டியேயா," என்றார் மாணிக்கம், மெல்ல.

"விழல. எறங்குனேன்."

"படுத்துக்கிட்டா எறங்குன?"

"இது பூசையில நடந்தது. சாமிக்கும் எனக்கும் உள்ளது. ராவாங்குக்கு இதுல என்ன வேல?"

பின்னர் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "சார், இத அவகிட்ட சொன்னா நாளைக்கே என்னயக் கொண்டுக்கிட்டுப் போயிருவா. ஒரு தடவ அந்தத் தண்ணியப் பாத்துட்டு வந்துர்றேன் சார்," என்றார். அவர் கட்டளையாக அன்றி வேண்டுகோளாகப் பேசி அன்றுதான் கேட்டேன். தாம்பாளத்திலிருந்த மஞ்சளைக் குழைத்துப் பூசி, மாணிக்கத்தின் கழுத்துத் துண்டால் கட்டுப் போட்டோம். மாணிக்கம் சிறு லோரியை ஏற்றி அந்தப் பழத்தை நசுக்கினார். மண்டோர் உள்ளே சென்று, கட்டு தெரியாதிருக்கப் பழைய காக்கி முழுக்கைச் சட்டையை அணிந்து வந்தார். அவர் பருத்திருந்த காலத்துச் சட்டை. கைகள் கொடியில் காயும் துணிபோல் ஆடின.

கவிதா ஒரு நிபந்தனை விதித்திருந்தாள். நிற்குமிடமெல்லாம் படம் எடுத்து வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் அனுப்ப வேண்டும். மண்டோர் கடமை தவறவில்லை. கோல குபு பாரு பசியாறும் கடையில் கையை முதுகுக்குப் பின் மறைத்து ஒரு படம். மலையடிவாரத்தில் மரத்துக்குப் பின்னே நின்று, தலை மட்டும் தெரிய ஒன்று. பழக்கடை ஒன்றில் பெரிய டுரியானை முழங்கைக்கு முன் பிடித்தபடி ஒன்று. முள் குத்தியமையால் அப்படத்தில் அவர் முகம் நன்றாக அமையவில்லை.

உடனே அழைப்பு வந்தது. "அப்பா, ஏன் எல்லாப் படத்துலயும் கைய ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"மலை முன்னால நிக்கிறோம்ல. ஒரு மரியாதைக்குமா."

மறுமுனையில் சாவிக்கொத்து ஒன்று குலுங்கும் ஒலி கேட்டது. பின்னர் தொடர்பு அறுந்தது. "நம்பிட்டா," என்றார் மண்டோர்.

ஏறத் தொடங்கினோம். சாலையின் ஒரு பக்கம் காடு செறிந்த மலைச்சரிவு. மறுபக்கம் பள்ளத்தில் ஆறு பாறைகளில் மோதி வெண்மையாய் இறங்கியது. மூங்கிற் புதர்கள் சாலைக்கு மேலே வளைந்து கூரை வேய்ந்திருந்தன. சில்வண்டுகளின் ஒலி ஓரிடத்தில் எழுந்து மலை முழுதும் பரவி அடங்கிற்று. தொலைவில் நீலம் அடுக்கடுக்காய் மங்கிச் செல்ல, இடையிடையே பனி தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வெழில் கண்டு மிதிப்பதை நிறுத்தினேன்; மூச்சு நின்றுவிடும் போலிருந்ததும் ஒரு காரணம்.

"என்ன சார் நின்னுட்டீங்க?"

"இயற்கையைப் பார்க்கிறேன்."

மண்டோரும் நின்று மலையை மேலிருந்து கீழாக ஆய்ந்தார். "நல்லாதான் இருக்கு. ஆனா ஒரு மரம்கூட வரிசையில இல்லையே. யாரு நட்டது?"

"கடவுள்," என்றார் மாணிக்கம், கைப்பிடியில் நெற்றியைச் சாய்த்தபடி.

"அதான். மண்டோர் இல்லாம நட்டா இப்படித்தான்."

அப்போதுதான் அந்த இளைஞர்கள் வந்தார்கள். பளபளக்கும் இறுக்கமான உடை, எங்கள் மிதிவண்டிகளின் விலையைப்போல் பன்மடங்கு விலையுள்ள மிதிவண்டிகள். மலாய், சீன, தமிழ் இளைஞர்கள் கலந்த கூட்டம். எங்களைக் கடந்து சாலை முழுதும் பரவிச் சென்றனர். மண்டோரால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஊதலை எடுத்து மலை எதிரொலிக்க ஊதினார்.

"நெர. நெரயில போ. வெள்ளக் கோட்டுக்கு உள்ள வா."

காக்கிச் சட்டை, கழுத்தில் ஊதல், அதிகாரம் மிக்க குரல். பக்கத்தில் அச்சத்துடன் நிற்கும் இருவர். அவரைச் சாலைப் பொறுப்பாளர் என்று அவர்கள் முடிவு செய்ததில் வியப்பில்லை. சொல் விளங்கியவர் ஓரிருவரே. ஊதல் எல்லாருக்கும் விளங்கியது. வெள்ளைக் கோட்டின் உள்ளே ஒருவர்பின் ஒருவராக அணிவகுத்தனர். மண்டோர் அவர்களை மெல்லக் கடந்து சென்று வரிசையின் முன்னே நின்றார். லோரிக் கண்ணாடியில் அந்த நீண்ட வரிசையைப் பார்த்தார். அவர் முகத்தில் அன்று கண்ட ஒளியை நான் திருமண மேடைகளில்கூடக் கண்டதில்லை.

பின்னால் வந்த வேறு மிதிவண்டியினரும், வரிசை இருப்பது கண்டு, காரணம் இருக்கும் என்று சேர்ந்துகொண்டனர். மலேசியர் வரிசையைக் கண்டால் நிற்காமல் போகமாட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் வால் நீண்டது. மண்டோர் ஊதினால் மிதித்தார்கள். கை காட்டினால் வேகம் தணிந்தார்கள். விரைந்து முந்தப் பார்த்த ஒருவரை அவர் அரை நாள் என்று தண்டித்தார். அவர் என்னவென்று அறியாமலே மன்னிப்புக் கேட்டார்.

ஏரியின் பச்சை நீர் மரங்களினூடே தெரியத் தொடங்கிய வளைவில், மண்டோரின் கண்ணாடியில் ஒரு வெள்ளை மகிழுந்து தோன்றியது. வரிசையைக் கடக்க வழியின்றி ஊர்ந்து வந்து, பொறுமையிழந்து ஒலி எழுப்பியது. ஓட்டுபவர் முகம் கண்ணாடியில் தெரியவில்லை. மண்டோர் திரும்பாமலே வலக்கையை உயர்த்தினார்.

"பின்னால வர்ற காடி, நீயும் நெரயில வா."

உயர்ந்த கையிலிருந்து காக்கிச் சட்டை தோள்வரை வழிந்து இறங்கிற்று. மஞ்சள் ஊறிய துண்டுக் கட்டு முழங்கையில் கொடிபோல் விளங்கிற்று. மகிழுந்தின் ஒலி சட்டென நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். ஓட்டி வந்தவள் கவிதா.

ஏரிக்கரையில் மண்டோர் வரிசையை நிறுத்திவிட்டு, தாம் மட்டும் இறங்கித் தடுப்புக் கம்பி அருகே போனார். மலைகள் சூழ நீர் அசைவின்றிக் கிடந்தது. முகில் ஒன்று அதில் முழுதாய்த் தங்கியிருந்தது. "எவ்வளவு சுத்தமா இருக்கு," என்றார் தமக்குள். "இங்கேருந்து நல்லாதான்யா அனுப்புறாங்க."

"அப்பா."

அவர் திரும்பவில்லை. குரல் போதுமானதாக இருந்தது.

"கையில என்னப்பா?"

மண்டோர் கையை முதுகுக்குப் பின் கொண்டுபோனார். வரிசையில் நின்றோர் யாவரும் அந்தக் கட்டைப் பார்த்தனர். கவிதா என்னிடம் வந்தாள்.

"சார், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அப்பா விழுந்தாரா?"

"கவிதா, நிகழ்ந்ததை உள்ளவாறு உரைப்பதாயின், முதற்கண் எலுமிச்சம்பழத்தின் இயல்பு குறித்து..." என்று தொடங்கினேன்.

"சார் முடிக்கிறதுக்குள்ள ஏரி வத்திரும்," என்றார் மாணிக்கம்.

"விழுந்தேன்மா," என்றார் மண்டோர்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் வரிசையைக் கண்ணால் காட்டினார். "இத்தன பேர நிறுத்தி வச்சுட்டு முன்னால நிக்கிறவன் பொய் சொல்லக் கூடாதும்மா. விழுந்தேன். வாசல்ல. எலுமிச்சம்பழத்து மேல."

"எலுமிச்சம்பழத்து மேலயா?"

"அது நசுங்கல," என்றார், அதுவே உண்மையான துயரம் என்பதுபோல்.

கவிதா சிரிக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. புட்டி நீரால் கட்டை நனைத்துப் பிரித்து, காயத்தைக் கழுவத் தொடங்கினாள். கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மலையில விழுந்தீங்களா?"

"இல்லமா. மலையில ஒண்ணும் ஆகல. இத்தன பேரு கூட இருந்தாங்கல்ல."

"வீட்டு வாசல்லதான் விழுந்தீங்க."

"ஆமா."

"அப்ப ஒங்கள எங்க தனியா விடுறது ஆபத்து? நீங்களே சொல்லுங்க."

மண்டோர், வேறு விடை உண்டா என்று ஏரியைப் பார்த்தார். மாணிக்கத்தைப் பார்த்தார். மாணிக்கம் தரையைப் பார்த்தார்.

"வாசல்லதான்," என்றார்.

"அதான்பா. வீட்டப் பூட்டிட்டு வாங்க." பிறகு குரலைத் தணித்துச் சேர்த்தாள்: "சைக்கிளயும் எடுத்துக்கிட்டு வாங்க. அத விக்கல."

வரிசையின் முன்னே நின்ற மலாய் இளைஞர் பணிவுடன் கேட்டார்: "பாக்சிக், சுடா போலே பெர்கி?" போகலாமா என்று பொருள். மண்டோர் கையை அமர்த்திக் காட்டினார். அவர்கள் மீண்டும் காத்திருந்தனர்.

"பதினோராம் மாடிக்கு சைக்கிள ஏத்த விடுவாங்களா?" என்று மகளைக் கேட்டார்.

"லிப்ட் இருக்குப்பா."

"லிப்ட்ல அது நிக்குமா?"

"நிமித்தி வச்சா நிக்கும்."

"கண்ணாடி இடிக்குமே."

"கண்ணாடியக் கழட்டிருவோம்பா. அங்க என்னத்தத் திரும்பிப் பாக்கப் போறீங்க?"

மண்டோர் வரிசையின் பக்கம் திரும்பி நிமிர்ந்து நின்று, ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையசைத்து, "முழு நாள். எல்லாருக்கும் முழு நாள்," என்றார். பொருள் விளங்காத போதும் அவர்கள் கை தட்டினார்கள்.

அந்த வாரமே மண்டோர் ராவாங்கிற்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு நானும் மாணிக்கமும் சாலைச் சந்தியில் நின்றோம். "நீங்க முன்னால போங்க சார்," என்றார். "நீங்கள் போங்கள்," என்றேன். "நீங்க படிச்சவங்க." "சாலை தெரிந்தவர் நீங்கள்தாம்." இவ்வாறு மரியாதை செய்துகொண்டிருக்கையிலேயே வெயில் ஏறிவிட்டது. தேநீர் குடித்து வீடு திரும்பினோம். அதற்கடுத்த ஞாயிறும் அவ்வாறே ஆயிற்று. மூன்றாம் ஞாயிறு மாணிக்கம் ஒன்றும் சொல்லாமல் சிறு லோரியை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நானும் ஒன்றும் கேளாமல் என் மிதிவண்டியை ஏற்றினேன்.

ராவாங் அடுக்ககத்தின் வாயிலில் காவலாளி எங்களையும் லோரியின் பின்புறத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஓ, நீங்கதானா அது? பதினோராம் மாடி அங்கிள் ரெண்டு ஞாயித்துக்கிழமையா விடியிறப்பவே எறங்கி வந்து இந்த கேட்டுலயே நிக்கிறாரு. இன்னிக்கும் உள்ள நிக்கிறாரு. யாரும் வரலியே அங்கிள், மேல போங்கன்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல. என் ஆளுங்க வருவாங்கன்னு சொல்லிட்டு நின்னுக்கிட்டே இருந்தாரு."

மாணிக்கம் லோரியின் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி, எங்கள் மிதிவண்டிகளைக் கீழே இறக்கத் தொடங்கினார். அன்று முதல் நாங்கள் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. சம்பளம் இல்லாத வேலைதான். ஆயினும் விட்டுவிட எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.